நிழலில் ஒரு கனகாம்பரம்

நீரிழிவுப் பிரிவில் எங்கள் முன் அமர்ந்திருந்த அந்த அம்மாளுக்கு அறுபது வயது கடந்திருக்கும். இலுப்பூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் நாற்று நட்டும், களை பறித்தும், கடலை பிடுங்கியும் நாற்பது ஆண்டுகள் உழைத்தவர். வெறுங்காலுடன் வயலில் இறங்கியபோது தைத்த முள், உணர்ச்சி மரத்துப்போன பாதத்தில் வலியே இல்லாமல் புண்ணாகி, கடைசியில் வலக்காலின் சுண்டுவிரலை அகற்ற வேண்டியதாயிற்று. புண் ஆறிய பின் நாங்கள் வழக்கமான அறிவுரைகளை வழங்கினோம். வயலில் இறங்காதீர்கள், உச்சி வெயிலில் நிற்காதீர்கள், செருப்பின்றி நடக்காதீர்கள், பாரம் தூக்காதீர்கள்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அவர், “செய்யாதே, செய்யாதேன்னு இத்தனை சொல்றீங்களே டாக்டரு, நான் என்னதான் செய்யட்டும்?” என்றார்.

எங்களிடம் உடனே விடை இல்லை. உடன் வந்திருந்த மருமகள், “நாள் முழுக்கத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்காங்க. சோறும் சரியா சாப்பிடுறதில்ல, மாத்திரையும் சரியா போடுறதில்ல” என்று வருந்தினார். வீட்டில் நிழலான இடம் உண்டா, அங்கே ஏதேனும் செடி வளர்க்க முடியுமா என்று கேட்டோம். அம்மாளின் முகம் சற்றே மலர்ந்தது. “முன்னெல்லாம் கிணத்தடியில கனகாம்பரம் வச்சிருந்தேன்” என்றார்.

விடையை அவரே தந்துவிட்டார். நீண்டகால நோயுடன் வாழ்பவர்களுக்கு நாங்கள் தரும் ‘செய்யாதீர்கள்’ பட்டியலின் அருகில் ‘செய்யுங்கள்’ என்று ஒன்றேனும் இருக்க வேண்டும். நிழலில் வளரும் கனகாம்பரம் அதற்கு மிகவும் ஏற்ற செடி. அதை வளர்க்கும் முறையையும், பெருக்கும் முறையையும், நோயாளிகள் கைக்கொள்ள வேண்டிய பாதுகாப்பையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

ஏன் கனகாம்பரம்?

கனகம் என்றால் பொன். அம்பரம் என்றால் ஆடை. பொன்னாடை என்னும் பொருள்படும் பெயரைக் கொண்ட இச்செடி நமக்கு அயலானது அன்று. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகங்களுள் அடங்கும். ஆடாதொடை, நிலவேம்பு ஆகியவை சேர்ந்த குடும்பத்தையே இதுவும் சேர்ந்தது. தாவரவியலார் இதைக் கிராசாண்ட்ரா இன்ஃபண்டிபுலிஃபார்மிஸ் என்று அழைக்கின்றனர். சுவீடனில் உருவான ‘மோனா வால்ஹெட்’ என்னும் வகையை ஐரோப்பியர் சன்னலோரத் தொட்டிச் செடியாக வளர்க்கின்றனர். அங்கே கண்ணாடிச் சன்னலுக்குள் பேணி வளர்க்கப்படும் செடி, நமது கொல்லையில் வேப்பமர நிழலிலேயே வளர்ந்துவிடும்.

நோயுற்றவர்களுக்கு இதனை நாங்கள் பரிந்துரைப்பதற்கு நான்கு காரணங்கள் உண்டு. முதலாவது, இதற்கு நாள் முழுவதும் வெயில் தேவையில்லை. ஆகவே வளர்ப்பவரும் வெயிலில் நிற்க வேண்டியதில்லை. இரண்டாவது, இரண்டு மூன்று அடிக்கு மேல் உயராத செடியாதலால் தொட்டியிலேயே வளரும். தொட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டால் குனியவும் வேண்டாம், குந்தவும் வேண்டாம். மூன்றாவது, இதன் பூவுக்கு மணம் இல்லை. மல்லிகையின் மணத்தால் தலைவலியோ இருமலோ வருபவர்களும் இதன் அருகில் அமரலாம். நான்காவது, இதன் தண்டில் முள் இல்லை. உணர்ச்சி குறைந்த விரல்களை உடைய நீரிழிவு நோயாளிகளுக்கு இது சிறிய நன்மை அன்று.

இடமும் மண்ணும்

நிழல் விரும்பும் செடி என்பதற்காக இருட்டு மூலையில் வைத்துவிடக் கூடாது. அடர்ந்த நிழலில் இலை செழிக்கும்; பூ குறையும். காலை வெயில் சில மணி நேரம் பட்டு, பத்து மணிக்கு மேல் நிழல் விழும் கிழக்குத் திண்ணையோ, வேம்பு, முருங்கை போன்ற மரங்களின் சல்லடை நிழலோ மிகப் பொருத்தமானது. சித்திரை, வைகாசி மாதங்களின் பிற்பகல் வெயில் நேரே பட்டால் இலைகள் வெளிறிச் சுருளும்.

எட்டு முதல் பத்து அங்குலத் தொட்டி ஒன்று போதும். அடியில் நீர் வடியும் துளைகள் கட்டாயம் இருக்க வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய சாணமோ மண்புழு உரமோ ஒரு பங்கு என்று கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலக்கும் முன் சிறிது நீர் தெளித்தால் தூசு பறக்காது; ஆஸ்துமா உள்ளவர்கள் இதை மறவாமல் செய்ய வேண்டும். களர்த்தன்மை மிகுந்த மண்ணில் இச்செடியின் இளம் இலைகள், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மஞ்சளாகிவிடும். அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். இரத்தசோகையில் மனிதர் வெளிறுவதைப் போன்றதே இதுவும். இங்கேயும் மண்ணைச் சரிசெய்வதே மருந்து.

தண்டிலிருந்து புதிய செடி

கனகாம்பரத்தை விதையாலும் பெருக்கலாம், தண்டாலும் பெருக்கலாம். ஆனால் கடைவீதியில் மிகுதியாக விற்கப்படும், ஆழ்ந்த ஆரஞ்சு நிறமுடைய ‘டெல்லி கனகாம்பரம்’ விதை பிடிக்காத வகை. அதன் உயிரணுக்களில் வழக்கமான இரண்டு தொகுதிகளுக்கு மாறாக மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் உள்ளன. அதனால் விதை உருவாவதில்லை. ஒருவர் வீட்டிலிருந்து மற்றொருவர் வீட்டுக்குத் தண்டாகச் சென்றுதான் அது பெருக முடியும்.

ஆடி, ஆவணி மாதங்கள் இதற்கு ஏற்றவை. கோடையின் கடுமை தணிந்திருக்கும். ஐப்பசி மழைக்கு முன் வேரும் பிடித்துவிடும். முறை வருமாறு:

நோயற்ற செடியில், பூங்கதிர் இல்லாத, மிக இளசும் அல்லாத, மிக முற்றியதும் அல்லாத கிளை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே, நான்கு முதல் ஆறு அங்குல நீளத்தில் வெட்டுங்கள். இரத்தம் உறையாமைக்கு வார்ஃபரின் போன்ற மருந்து உட்கொள்பவர்களும், கண் பார்வை மங்கியவர்களும் வெட்டும் வேலையை வீட்டிலுள்ள மற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

அடியிலுள்ள இலைகளை நீக்கி, நுனியில் இரண்டு அல்லது மூன்று இலைகளை மட்டும் விடுங்கள். இலை பெரிதாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடலாம். வேர் இல்லாத தண்டால் அத்தனை இலைக்கும் நீர் வழங்க இயலாது.

மணலும் தென்னைநார்க் கழிவும் சமமாகக் கலந்த சிறு தொட்டியில், இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு ஊன்றுங்கள். உரம் வேண்டாம். மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் பையால் மூடி, நிழலில் வையுங்கள். நாள்தோறும் ஒரு முறை பையைத் திறந்து சில நிமிடம் காற்றோட்டம் விடுங்கள்.

மூன்று முதல் நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். புதிய தளிர் தோன்றுவதும், மெல்ல இழுத்தால் தண்டு வர மறுப்பதும் அதன் அடையாளங்கள். இடையில் வேர் வந்துவிட்டதா என்று தண்டைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். ஆறிவரும் புண்ணின் கட்டை அடிக்கடி அவிழ்த்துப் பார்ப்பதற்கு அது ஒப்பாகும்.

எங்கள் முதல் முயற்சி தோல்வியில் முடிந்ததையும் சொல்லிவிடுகிறோம். வீட்டில் ஊன்றிய ஆறு தண்டுகளில் நான்கு அழுகிவிட்டன. காரணம், தொட்டியின் அடியில் வைத்த தட்டில் தேங்கிய நீர். போதாக்குறைக்கு அத்தட்டில் கொசுப் புழுக்களும் நெளிந்தன. மற்றவருக்கு டெங்குவைப் பற்றி ஓயாது எடுத்துரைக்கும் எங்களுக்கு அது நல்ல பாடமாயிற்று. இப்போது தட்டு வைப்பதில்லை. வைத்தாலும் நீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுகிறோம்.

விதையிலிருந்து

வெளிர் ஆரஞ்சு நிறமுடைய நாட்டு வகை விதை பிடிக்கும். பூங்கதிர் காய்ந்து பழுப்பாகும்போது உள்ளே சிறு காய்கள் முற்றியிருக்கும். காய்ந்த கதிரின் மேல் நீர் பட்டால், சிறிது நேரத்தில் காய்கள் ‘பட்’ என்று வெடித்து விதைகளைச் சிதறும். முதல் மழையிலேயே விதைகள் ஈரமண்ணில் விழ வேண்டும் என்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு இது. கதிர் பழுப்பானதும் கொய்து, காகிதப் பைக்குள் இட்டுச் சிறிது நீர் தெளித்தால் விதைகள் பைக்குள்ளேயே வெடித்து விழும். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களுக்குக் கொடுங்கள், சலிக்காமல் செய்வார்கள்.

விதையை நெடுநாள் சேமிக்காமல், புதிதாக இருக்கும்போதே விதைப்பது நலம். மெல்லிய மண் போர்வை போதும். ஏறத்தாழ இரண்டு மாத வயதில் நாற்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றலாம்.

அன்றாடப் பராமரிப்பு

மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் ஊற்றுங்கள். விரலை மண்ணில் நுழைத்துப் பார்ப்பது பொதுவான வழக்கம். விரல்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஒரு குச்சியைச் செருகி, ஈரமண் ஒட்டுகிறதா என்று பார்ப்பது நல்லது. செடி பிடித்து வளரத் தொடங்கியதும் நுனியை ஒருமுறை கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

நட்ட இரண்டு மூன்று மாதங்களில் பூக்கத் தொடங்கும். கதிரின் அடியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகப் பூக்கள் மலரும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கலாம். பூத்து முடிந்த கதிரைக் கிள்ளிவிடுங்கள். விதை தேவையெனில் மட்டும் ஒன்றிரண்டை விட்டுவையுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் செடி தளரும். அதற்குள் அதன் தண்டிலிருந்து அடுத்த செடியை உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

இச்செடிக்குப் பெரும் பகை மண்ணில் வாழும் நூற்புழு. கண்ணுக்குப் புலப்படாத இப்புழுக்கள் வேரைத் தாக்கினால் செடி வளர்ச்சி குன்றி, இலை சிறுத்து வெளிறும். பிடுங்கிப் பார்த்தால் வேரில் பழுப்புப் புண்களோ முடிச்சுகளோ தெரியும். அத்தகைய செடியையும் அதன் மண்ணையும் மீண்டும் பயன்படுத்தாதீர்கள். அதிலிருந்து தண்டும் எடுக்காதீர்கள். அருகில் செண்டுமல்லி வளர்ப்பதும், வேப்பம் புண்ணாக்கு இடுவதும் நூற்புழுவைக் கட்டுப்படுத்த உதவும். சித்திரை வெயிலில் ஈரமண்ணைப் பரப்பி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரிப்பால் நான்கு முதல் ஆறு வாரம் மூடிவைத்தால் மண்ணின் வெப்பமே புழுக்களைப் பெரும்பாலும் அழித்துவிடும்.

குருணை வடிவிலான நஞ்சு மருந்துகளை வீட்டுத் தொட்டிகளுக்கு வாங்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். பூச்சிமருந்து வீட்டில் இருப்பதே ஆபத்து. குளிர்பானப் புட்டியில் ஊற்றிவைத்த பூச்சிமருந்தைக் குழந்தை குடித்துவிடுவது மருத்துவர்கள் அஞ்சும் அவசரநிலைகளுள் ஒன்று.

நல்ல நாற்றோ, செடிநோய் பற்றிய ஆலோசனையோ தேவைப்பட்டால், நம் ஊருக்கு அருகில் குடுமியான்மலையில் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை உள்ளது. வம்பனில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

மண்ணைத் தொடும் முன்

இப்பகுதியைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள்: இரண்டு தொட்டிகளுக்கு நீர் ஊற்றுவதற்கும் காலை மூடிய செருப்பு வேண்டும். அணியும் முன் செருப்பைக் கவிழ்த்துத் தட்டுங்கள். இரவில் பாதத்தின் அடிப்புறத்தையும் விரலிடுக்குகளையும் கண்ணாடியிலோ வீட்டாரைக் கொண்டோ பாருங்கள். கையிலோ காலிலோ ஆறாத காயம் இருக்கும்வரை மண்ணைத் தொடாதீர்கள். ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒருவகைப் பாக்டீரியா, மழைக்காலத்தில் காயத்தின் வழியே உடலில் புகுந்து மெலியாய்டோசிஸ் என்னும் கடும் நோயை உண்டாக்கக்கூடும். நீரிழிவு உள்ளவர்களையே அது மிகுதியாகத் தாக்குகிறது. ஆகவே கையுறை அணியுங்கள்; வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

இரத்த அழுத்த மருந்து உட்கொள்பவர்கள்: குந்தியிருந்து சட்டென எழுந்தால் தலைசுற்றி விழ நேரலாம். நாற்காலியில் அமர்ந்து செய்யுங்கள்; எழும்போது ஒரு நிமிடம் பொறுத்து எழுங்கள்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்: தொட்டியையும் நீர் நிறைந்த வாளியையும் தூக்காதீர்கள். சிறு குவளையில் நீர் எடுத்து ஊற்றுங்கள். இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கையில் ஃபிஸ்டுலா அமைக்கப்பட்டவர்கள் அக்கையால் பாரம் தூக்கக் கூடாது.

புற்றுநோய்க்கான மருந்து பெறுபவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள்: மண்ணையும் உரத்தையும் தொடும் வேலை உங்களுக்கு வேண்டாம். சிகிச்சை மருத்துவரின் இசைவு கிடைக்கும்வரை செடியைத் தள்ளியிருந்து பார்ப்பதே போதும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பூவும் செடியும் கொண்டுவர வேண்டாம் என்று நாங்கள் கேட்பதும் இதே காரணத்தால்தான்.

அனைவரும்: பத்தாண்டுகளுக்குள் இரணஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து வெளிப்பட்டுப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். ஆதலால் வாரம் ஒருமுறை தேங்கிய நீரை அகற்றுங்கள். தொட்டிகளை நெருக்கமாக அடுக்கினால் இடுக்கில் பாம்பும் தேளும் தங்கும், இடைவெளி விடுங்கள். புதரும் புல்லும் மண்டிய இடத்தில் வேலை செய்த பின் ஒன்றிரண்டு வாரங்களில் காய்ச்சல் வந்தால், உடலில் எங்கேனும் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். தொடக்கத்திலேயே வந்தால் எளிய மருந்தால் குணமாகும். எந்தக் காய்ச்சலாயினும், “தோட்ட வேலை செய்தேன்” என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

செடி மருந்தாகுமா?

ஆகாது. கனகாம்பரம் சர்க்கரையைக் குறைக்கும் என்றோ, அழுத்தத்தைத் தணிக்கும் என்றோ நாங்கள் சொல்லவில்லை. ஆயினும் பசுமைக்கும் உடல் தேறுவதற்கும் தொடர்பு உண்டு என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. ரோஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1984இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் புகழ்பெற்றது. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். அவர்களுக்கு வீரியமான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. ஆய்வு சிறியது, எனினும் நாங்கள் அன்றாடம் காண்பதோடு அது ஒத்துப்போகிறது.

செடி தரும் வேலையிலும் பயன் உண்டு. பக்கவாதத்தால் விரல்கள் தளர்ந்தவர், கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து ஒவ்வொரு பூவாகக் கிள்ளுவதும், வாழைநாரில் வைத்துத் தொடுக்க முயல்வதும் விரல்களுக்கு நல்ல பயிற்சி. கனகாம்பரப் பூவுக்கு எடை மிகக் குறைவு; நழுவினாலும் நசுங்கினாலும் இழப்பில்லை. முதல் வாரம் ஐந்து பூ, அடுத்த வாரம் பத்துப் பூ என்று எண்ணி வரலாம். ஆனால் இயன்முறைப் பயிற்சியாளர் சொல்லும் பயிற்சிகளை இதற்காக விட்டுவிடக் கூடாது.

மாத்திரை மறப்பவர்களுக்கு ஒரு சொல். காலையில் செடிக்கு நீர் ஊற்றுவதையும் மாத்திரை உண்பதையும் அடுத்தடுத்த வேலைகளாக ஆக்கிக்கொள்ளுங்கள். செடி வாடினால் கண்ணுக்குத் தெரியும். மாத்திரை தவறினால் உடனே தெரியாது. தெரியும் ஒன்றோடு தெரியாத ஒன்றைப் பிணைத்துவைப்பது நல்ல உத்தி.

பராமரிப்போரிடம்

நோயாளியின் செடியை அன்பு மிகுதியால் நீங்களே வளர்த்துவிடாதீர்கள். தொட்டியைத் தூக்கிவைப்பதும், தண்டை வெட்டித்தருவதும், தட்டைக் கழுவுவதும் உங்கள் பங்காக இருக்கட்டும். நீர் ஊற்றுவதையும் பூப்பறிப்பதையும் அவருக்கே விடுங்கள். இரண்டு நாள் மறந்து இலை துவண்டாலும் கடிந்துகொள்ள வேண்டாம். நீர் ஊற்றினால் நிமிர்ந்துவிடும். பல நாட்கள் தொடர்ந்து அவர் செடியைத் திரும்பியும் பார்க்கவில்லை என்றால், உணவும் உறக்கமும் குறைந்துவிட்டன என்றால், அது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். எங்களிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

கட்டுரையின் தொடக்கத்தில் குறிப்பிட்ட அம்மாள் கார்த்திகை மாதம் மீண்டும் வந்தார். காலில் செருப்பு இருந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி முன்பைவிடக் குறைந்திருந்தது. செடியால் அன்று, மாத்திரையை ஒழுங்காக உண்டதால். பாதத்தைக் காட்டச் சொல்லுமுன் அவரே செருப்பைக் கழற்றி, “ராத்திரி ராத்திரி பாத்துக்கிறேன் டாக்டரு, ஒண்ணுமில்ல” என்றார்.

அவருடைய கைப்பையில் ஈரத்துணியில் சுற்றிய இரண்டு தண்டுகள் இருந்தன. எங்களுக்காக என்று எண்ணினோம். இல்லை. சென்ற முறை வரிசையில் அவருக்கு அடுத்து அமர்ந்திருந்த, கால் புண்ணுக்குக் கட்டுப் போட வரும் இன்னொரு பெண்மணிக்காகக் கொண்டுவந்திருந்தார். “புண்ணு ஆறுற வரைக்கும் மண்ணத் தொடக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுக்கப் போறேன். அதுவரைக்கும் அவங்க மக ஊன்றி வைக்கட்டும்” என்றார்.

நாங்கள் சொல்ல வேண்டியதையும் அவரே சொல்லிவிட்டார்.